ஈயத்துக்கு ஒரு அறை

என் அக்கா வீட்டுக்காரரைப் போல நேர்மையான மனிதர் இந்த ஊரில் இன்னொருவர் கிடையாது. இருந்தால் ஊர் தாங்காது என்பது என் அபிப்பிராயம்.

எடை அளவுத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கடைகடையாக ஏறி இறங்கி, தராசு, எடைக்கல், எண்ணெய் அளக்கும் குவளை, பெட்ரோல் பங்க் குழாய் என்று எதையும் விடாமல் சோதிப்பார். அளவு சரியாக இருந்தால் விளிம்பில் ஒரு முத்திரை குத்துவார். குறைந்திருந்தால் பழைய முத்திரையின் மேலேயே ஒரு பெருக்கல் குறி விழும். அதோடு அந்தச் சாமான் கதை முடிந்தது. அவர் தெருமுனையில் தலை காட்டினாலே கடைக்காரர்கள் தராசுத் தட்டைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்கள். வேலையில் இருந்த காலம் முழுக்க யாரிடமும் ஒரு டீகூட வாங்கிக் குடித்ததில்லை. ஓய்வு பெற்ற அன்று அலுவலகமே கண் கலங்கியது என்று வந்து சொன்னார். ஆனந்தக் கண்ணீராக இருக்கும் என்று நான் சொல்ல வாயெடுத்தேன், அக்கா முறைத்ததால் விட்டுவிட்டேன்.

இப்படிப்பட்டவருக்குப் பிடித்த பைத்தியம் பியூட்டர். கேள்விப்படாதவர்களுக்குச் சொல்கிறேன். வெள்ளீயத்தோடு கொஞ்சம் செம்பு, பழைய நாளில் கொஞ்சம் காரீயமும், இப்படிக் கலந்து உருக்கி அச்சில் வார்த்த பாத்திரம். வெள்ளி வாங்க வசதியில்லாதவர்களும், மண் பாத்திரம் வைத்துக்கொண்டால் கௌரவக் குறைச்சல் என்று நினைத்தவர்களும் ஒரு காலத்தில் இதை வாங்கி அடுக்கினார்கள். தட்டு, குவளை, மூடி போட்ட ஜாடி, மெழுகுவர்த்தித் தண்டு என்று விதவிதமாக உண்டு. வார்த்த புதிதில் பளபளவென்று இருக்குமாம். இப்போது பார்த்தால் அடிபட்ட அலுமினியம் மாதிரி இருக்கிறது. இதை ஒரு தடவை அத்தான் காதுபடச் சொல்லித் தொலைத்தேன். காய்ச்சின ஈயத்தைக் காதில் ஊற்றியிருந்தால்கூட மனிதர் அப்படித் துடித்திருக்க மாட்டார்.

பைத்தியம் தொற்றியது ஒரு காயலான் கடையில். தராசைச் சோதிக்கப் போன இடத்தில், பழைய பித்தளைக் குழாய்களுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு சின்ன அளவுக் குவளை கிடந்திருக்கிறது. விளிம்பைத் துடைத்துப் பார்த்தால், அந்தக் காலத்து ஆய்வாளர்கள் வரிசையாகக் குத்திய முத்திரைகள். ஒவ்வொரு சோதனைக்கும் ஒன்று. அத்தானுக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. சோதிக்கப் போன கடையில் ஒரு துரும்புகூட வாங்கக் கூடாது என்பது அவர் வைத்திருந்த விதி. ஆகவே அந்த வட்டாரத்திலிருந்து மாற்றல் வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். மாற்றல் வந்த மறுநாளே போய் ரசீது போட்டு வாங்கிவந்தார்.

"எல்லாரும் என் சீனியருங்க, மாப்ள" என்று அதை இரண்டு கையாலும் ஏந்திக் காட்டினார். அந்தப் பக்தியைப் பார்த்து நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன். எனக்கு மூக்குக் கண்ணாடிக் கடை. முத்திரைகளைப் பெரிதாக்கிப் பார்க்க அவருக்கு ஒரு நல்ல பூதக்கண்ணாடியை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அதற்கப்புறம் நடந்த எதிலிருந்தும் என்னால் முழுசாகக் கை கழுவிக்கொள்ள முடியவில்லை.

பழைய பியூட்டரில் செய்த பட்டறையின் அடையாளம் பெரும்பாலும் அடியில் இருக்கும். எனவே அத்தானுக்கு எந்தப் பாத்திரத்தைப் பார்த்தாலும் கவிழ்த்துப் பார்க்காவிட்டால் தூக்கம் வராது. பியூட்டர்தான் என்றில்லை, எவர்சில்வர், பீங்கான், பிளாஸ்டிக் வாளி வரைக்கும் கவிழ்ப்பார். என் வீட்டுக்கு வந்தவர் பேச்சு சுவாரசியத்தில் காபி இருந்த கோப்பையையே கவிழ்த்துவிட்டார். என் மனைவி புது மேஜை விரிப்பை உருவிக்கொண்டு போனாள். இவரோ கோப்பையின் அடியை விளக்கு வெளிச்சத்தில் பார்த்து, "அடையாளமே இல்ல, மாப்ள. ஏமாந்துட்டீங்க" என்றார். தெருப் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் கவுத்துத் தாத்தா. அது அவருக்குத் தெரியும். பிள்ளைகள் கூர்ந்து கவனிக்கிறார்கள் என்று அதிலும் அவருக்கு ஒரு சந்தோஷம்.

வீட்டைப் பற்றிச் சொன்னால்தான் மீதி புரியும். கீழே ஒரு கூடம், சமையலறை, ஒரே ஒரு படுக்கையறை. மாடியில் மொட்டை மாடியை ஒட்டி இன்னொரு அறை. கீழ் அறை முன்பு மகளுடையது. அவள் திருமணமாகி வெளிநாடு போனதும் அறையில் முதலில் ஒரு அலமாரி வந்தது, பின்னால் இன்னொன்று, அப்புறம் நாலு சுவரும் ஈயம். அக்காவும் அத்தானும் மாடியில் படுத்துக்கொண்டார்கள். கோடையில் அந்த மாடி அறை எப்படி இருக்கும் என்றால், சாயங்காலம் சுவரில் கை வைத்தால் கையை எடுத்துவிடுவீர்கள்.

ஈயத்துக்கு அந்த வீட்டில் நடக்கும் ராஜ உபசாரத்தை நீங்கள் நேரில் பார்க்க வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் மட்டும் குளியல். துடைக்க, துவைத்துத் துவைத்து நைந்துபோன பருத்தித் துணி. மேலே படிந்திருக்கும் சாம்பல் நிறத்துக்கு அத்தான் வைத்த பெயர் வயசு. வயசைத் தேய்த்து எடுக்கக் கூடாது, எடுத்தால் போச்சு. அவருடைய ஒன்றுவிட்ட தங்கை ஒருத்தி வந்த இடத்தில் சும்மா இருக்க முடியாமல், உபகாரமாக இருக்கட்டும் என்று ஒரு தட்டைப் பித்தளைக்குப் போடும் பாலிஷ் போட்டுப் பளபளவென்று தேய்த்து வைத்துவிட்டாள். அவளோடு பேச்சு நின்றது, அவள் பேரனுக்குப் பேர் வைத்த பிறகுதான் திரும்ப ஆரம்பித்தது.

மரத்திலிருந்து வரும் ஆவி பியூட்டரை அரிக்குமாம். ஆகவே அக்கா ஆசையாகச் செய்து வைத்திருந்த மர பீரோ பின்கட்டுக்குப் போய் மழைச்சாரலில் நின்றது, அறைக்கு இரும்பு அலமாரி வந்தது. எண்ணெய்ப் புகை ஆகாது என்று சமையலறைக்கும் அறைக்கும் நடுவில் இருந்த சன்னலை அடைத்தார். அதன் பிறகு அடுப்படியில் காற்றே கிடையாது. எதைப் பொரித்தாலும் அக்கா பின்கட்டில் ஸ்டவ்வை வைத்துக் குனிந்துகொண்டு பொரித்தாள்.

அக்காவுக்குச் சண்டை போடத் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். சின்ன வயதில் அவளிடம் நான் வாங்கிய உதைக்குக் கணக்கில்லை. இவரிடம் மட்டும் ஏனோ விட்டுக்கொடுத்துக்கொண்டே போனாள். கேட்டால், "குடிக்கற பழக்கம் இல்ல, கை நீட்டற பழக்கம் இல்ல. நாலு சொம்பு வாங்கி வச்சிட்டுப் போறாருடா" என்பாள். நாலு சொம்பு என்று அவள் சொன்னது அலமாரிகள் கூரையைத் தொட்ட பிறகும்தான்.

போன மழைக்காலத்தில் அவளுக்கு முழங்கால் போய்விட்டது. எலும்பு டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, மாடிப்படி ஏறவே கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். அறை என்று கீழே இருந்தது ஒன்றுதான், அதில் ஈயம் குடியிருந்தது. அக்கா கூடத்து சோபாவில் படுக்க ஆரம்பித்தாள். அது இரண்டு பேர் உட்காரும் சோபா. உடம்பை மடக்கி, வலிக்கும் காலையும் மடக்கி ஒருக்களித்துப் படுத்திருப்பாள். காலையில் நான் கடை திறக்கப் போகும் வழியில் எட்டிப் பார்த்தால், எழுந்து நிற்கச் சுவரைப் பிடித்துக்கொண்டிருப்பாள். எனக்கு ரத்தம் கொதிக்கும்.

ஒரு நாள் நேராகவே கேட்டேன். "அத்தான், இதையெல்லாம் மாடிக்கு ஏத்திட்டு அக்காவுக்கு அறையைக் குடுங்களேன்."

"மாடியா? அந்தச் சூட்டுலயா?" என்றார், பச்சைக் குழந்தையை வெயிலில் போடச் சொன்ன மாதிரி.

"அடுப்புல வச்சாத்தான் உருகும்னு நீங்கதானே சொன்னீங்க? மாடி என்ன அடுப்பா?"

"உருகாது, மாப்ள." கொஞ்ச நேரம் யோசித்தார். "ஆனா கஷ்டப்படும்."

நான் எழுந்து வந்துவிட்டேன். இன்னும் ஒரு நிமிஷம் அங்கே இருந்திருந்தால் கஷ்டம் என்றால் என்னவென்று ஒரு ஜாடிக்காவது காட்டியிருப்பேன்.

வழி வேறு பக்கத்திலிருந்து வந்தது. அருங்காட்சியகத்தில் பொருள்களுக்குப் பொறுப்பாக இருக்கும் அம்மாள் ஒருவர் படிக்கிற கண்ணாடி மாற்ற என் கடைக்கு வந்தார். பழைய கடைவீதி, வியாபாரம் பற்றிப் புதிதாக ஒரு கூடம் திறக்கப் போவதாகப் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். எனக்கு மூக்கு வியர்த்தது. அத்தானைப் பற்றிக் கொஞ்சம் எடுத்துவிட்டேன். பொய் சொல்லவில்லை. அவர் காபியைக் கவிழ்த்ததை மட்டும் சொல்லவில்லை.

அம்மாள் வந்து பார்த்தார். அத்தானிடம் அந்தக் காலத்துச் சாராயக் கடைகளில் சரக்கு அளந்த ஏழு அளவுக் குவளைகள் கொண்ட ஒரு வரிசை உண்டு. ஒன்றரைச் சாண் உயரமுள்ள ஜாடியில் தொடங்கி, கட்டைவிரல் பெரிசு வரைக்கும் இறங்கும். ஏழும் ஒரே பட்டறையில் வார்த்தவை, ஏழின் விளிம்பிலும் ஆய்வாளர் முத்திரை. பெரிய ஜாடி கடைசியாகத்தான் கிடைத்தது, அதற்காக அத்தான் அலைந்த அலைச்சலைச் சொன்னால் தனிக் கதையாகிவிடும். அம்மாள் கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். அவர் முகம் மலர மலர, அக்கா சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"இந்த ஏழும் முழு வரிசையா எங்களுக்கு வேணும், சார்" என்றார் அம்மாள். "இதைக் குடுத்தீங்கன்னா மத்ததையும் எடுத்துக்கறோம், ஆராய்ச்சிப் பிரிவுக்கு. கண்ணாடிப் பெட்டில உங்க பேரு இருக்கும். ஒண்ணே ஒண்ணு, இப்ப எப்படி இருக்கோ அப்படியே வரணும். தேய்க்கறது, தட்டறது எதுவும் வேணாம்."

"எங்கிட்டயா சொல்றீங்க?" என்று அத்தான் சிரித்தார். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் சாமானுக்கு முத்திரை குத்தியவருக்குத் தன் பேருக்கே ஒரு முத்திரை விழப் போகிறது என்ற குளிர்ச்சி. போகும்போது அம்மாள் இன்னொன்று கேட்டார். பெயர்ப்பலகையில் போட ஒவ்வொன்றும் எவ்வளவு கொள்ளும் என்று குறித்துத் தர முடியுமா? "தோராயமா சொன்னாப் போதும் சார்."

தோராயம் என்ற வார்த்தையை அந்த வீட்டில் யாரும் உச்சரித்து நான் கேட்டதில்லை. அத்தான் முகம் ஒரு கணம் சுருங்கியது. எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

வேன் வருவதாக இருந்த நாளுக்குள் அக்கா வேறு ஆளாகிவிட்டாள். அறை வாசலில் நின்று, கட்டிலை எந்தப் பக்கம் போடலாம் என்று தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். "தெருப்பக்கத்து சன்னலோரமா தலை வச்சுக்கறேன்டா. காத்து வரும்" என்றாள். எதையும் வாய் திறந்து கேட்காதவள் எனக்கு போன் போட்டு ஒரு புது மெத்தைக்குச் சொன்னாள், முதுகு அமுங்காத மாதிரி பார்த்து வாங்கு என்றாள். அடுக்களை சன்னலைத் திரும்பவும் திறக்க முடியுமா என்று ஒரு கொத்தனாரைக்கூட விசாரித்து வைத்திருந்தாள். அவள் அப்படிச் சந்தோஷமாகப் பேசி நான் கேட்டு எவ்வளவோ நாளாகிவிட்டது.

அன்று காலை கடையை மூடிவிட்டு, ஸ்பேனரும் கையுமாகப் போய்ச் சேர்ந்தேன். மாடியிலிருக்கும் இரும்புக் கட்டிலைக் கழற்றி இறக்க வேண்டும். அத்தான் கூடத்து மேஜையில் ரசமட்டம் வைத்து, மேஜைக் காலுக்குக் கீழே அட்டையை மடித்துச் செருகிக்கொண்டிருந்தார். பக்கத்தில் கோடு போட்ட கண்ணாடி அளவு ஜாடி, ஒரு குடம் தண்ணீர். ஆறு குவளைகளை ஏற்கனவே அளந்து வைத்திருந்தார். பெரியதை மட்டும் அதுவரை அளந்ததில்லையாம்.

"நம்ம சீனியர் முத்திரை இருக்குல்ல, அளக்கணும்னே தோணல" என்றார். "ஆனா எழுதிக் குடுக்கறப்ப நம்ம கையால அளந்துட்டு எழுதறதுதான் மரியாதை."

ஊற்றினார். கண்ணாடி ஜாடியின் தண்ணீர் மட்டத்துக்குக் கண்ணை இறக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். துடைத்துவிட்டு மறுபடி ஊற்றினார். தண்ணீரை மாற்றினார். மேஜையை மாற்றினார். ரசமட்டத்தின் மேலேயே சந்தேகம் வந்து அதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார். கடைசியில் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"குறையுது, மாப்ள."

"எவ்வளவு?"

"ஒரு மடக்கு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "செத்துப்போன குடிகாரன் எவனுக்கோ ஒரு மடக்கு குறைஞ்சிருக்கு. போகட்டும் விடுங்க அத்தான்."

"அதில்ல மாப்ள. குறையற குவளைக்கு அந்த ஆளு முத்திரை குத்தியிருக்கான் பாருங்க." அதுவரை 'அவர், இவர்' என்றிருந்த சீனியர் ஒரே வாக்கியத்தில் 'அவன்' ஆகிவிட்டார். "காசு வாங்கிட்டுக் குத்தியிருக்கான். என் துறையில."

"பலகையில அளவு குறைச்சல்னு ஒரு வரி சேர்த்து எழுதிடுங்க. அவங்களுக்கு இன்னும் சந்தோஷமா இருக்கும், நல்ல கதையாச்சே."

"எழுதலாம். ஆனா சரின்னு குத்தின முத்திரை அப்படியே இருக்குமே. கீழ என் பேரு. நாளைக்கு யாராவது எடுத்து அளந்தா?"

"கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்கறதை யாரு அத்தான் எடுத்து அளப்பாங்க?"

"நான் அளப்பேனே" என்றார்.

இதற்கு மேல் பேசிப் பிரயோஜனமில்லை என்று மாடி ஏறினேன். அங்கேதான் தப்பு செய்தேன். கட்டிலின் திருகுகள் துருப்பிடித்துக் கிடந்தன. ஒன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது கீழே ஒரு சத்தம். சுத்தியல் அடி, ஒரே அடி. நான் படிகளைத் தாண்டித் தாண்டி ஓடிவந்தேன்.

ஓய்வு பெறும்போது முத்திரை உளிகளை எல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டவர்தான். பெருக்கல் குறி உளி ஒன்று மட்டும், தேய்ந்துபோனது என்று அலுவலகத்தில் கழித்துப் போட்டதை, முறைப்படி கேட்டு வாங்கி மேஜையில் காகிதம் பறக்காமலிருக்க வைத்திருந்தார். அந்த உளி அவர் இடது கையில் இருந்தது, சுத்தியல் வலது கையில். அவர் கை பழகியது இரும்பும் பித்தளையும். பியூட்டர் அதற்கு முன்னால் எம்மாத்திரம்? உளி விளிம்போடு நிற்காமல் உள்ளே இறங்கி, ஜாடியின் பக்கத்தைச் சுண்டுவிரல் போகிற அளவுக்குக் கிழித்துவிட்டிருந்தது. அத்தான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அந்த முகத்தில் வருத்தம் இருந்தால்கூட மன்னித்திருப்பேன். கடமை முடிந்த நிம்மதி அல்லவா இருந்தது!

"என்ன அத்தான் பண்ணிட்டீங்க!"

"விதிப்படி பண்ண வேண்டியதுதான்" என்றார். உடனே, கொஞ்சம் தாழ்ந்த குரலில், "கொஞ்சம் ஓங்கி விழுந்துடுச்சு" என்றார்.

வாசலில் வேன் ஹாரன் அடித்தது. அருங்காட்சியக அம்மாள் இரண்டு ஆட்களோடும் பஞ்சு வைத்த பெட்டிகளோடும் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார். மேஜையைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. கையுறையைக்கூடப் போடாமல் ஜாடியை எடுத்து, கிழிசலுக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

"யார் பண்ணினது இது?"

"நான்தான்" என்றார் அத்தான், சாட்சிக் கூண்டில் நிற்கிற மாதிரி நிமிர்ந்து. "அளவு குறையுது. அதனால ரத்து பண்ணினேன்."

அம்மாள் ஜாடியைக் கவிழ்த்தார். அடியில் இருந்த பட்டறை அடையாளத்தை விட்டுவிட்டு, அதைச் சுற்றியிருந்த இடத்தை விரலால் தடவிக் காட்டினார். "இங்க பாருங்க சார். எப்பவோ கீழ விழுந்து ஒடுக்கு ஆகியிருக்கு. யாரோ தட்டிச் சரி பண்ணினதுல அடி லேசா உள்பக்கம் எழும்பிடுச்சு. அதான் ஒரு மடக்கு குறையுது. வார்த்தப்ப, முத்திரை குத்தினப்ப, சரியாத்தான் இருந்திருக்கும்."

ஊரிலுள்ள சாமானை எல்லாம் கவிழ்த்துக் கவிழ்த்துப் பார்த்த மனிதர், அடையாளத்தைப் பார்த்தாரே தவிர அடியைப் பார்க்கவில்லை. பூதக்கண்ணாடியைத் தேடி எடுத்து வைத்துப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"அப்ப அவர் காசு வாங்கலையா?" என்றார்.

"யாரு?"

"என் சீனியர்."

அம்மாள் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

மற்ற ஆறையாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்று நான் கெஞ்சிப் பார்த்தேன். கோபப்படாமல்தான் பதில் சொன்னார். முழு வரிசை என்று சொல்லித்தான் அந்தக் கூடத்தில் இடம் கேட்டு வாங்கியிருக்கிறார். உடைந்த வரிசைக்கு இடம் கிடையாது, அது இல்லாமல் மற்ற சாமான்களை ஏற்றிப்போகவும் அவருக்கு அனுமதி இல்லை. ஆட்கள் வெறும் பெட்டிகளைத் திரும்ப வேனில் ஏற்றினார்கள்.

அக்கா இவ்வளவு நேரமும் அறை வாசலில்தான் நின்றிருந்தாள். புது மெத்தை பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் அவளுக்குப் பின்னால் சுவரில் சாய்ந்திருந்தது. அவள் கத்துவாள், அத்தனை வருஷத்துக்கும் சேர்த்து வைத்து இன்றைக்கு ஒரு பிடி பிடிப்பாள் என்று நான் காத்திருந்தேன். சொல்லப்போனால் ஆசைப்பட்டேன்.

"ஏங்க" என்றாள். குரல் உயரவில்லை. "ஒண்ணு கேக்கறேன், உள்ளதைச் சொல்லுங்க. சுத்தியலை எடுத்தீங்களே, அப்ப நான்னு ஒருத்தி இந்த அறைக்காகக் காத்துட்டிருக்கேன்னு உங்களுக்கு ஞாபகம் வந்துதா?"

அத்தான் யோசித்தார். வேறு எவனாக இருந்தாலும், வந்துது, ஆனா என்ன பண்றது என்று ஒரு பொய்யைச் சொல்லிச் சமாளித்திருப்பான். நானே அவருக்காக அந்தப் பொய்யை மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். அவர் நெற்றியைச் சுருக்கி, நடந்ததை ஒவ்வொன்றாக நினைவுபடுத்திப் பார்த்து, சோதனை முடிவைச் சொல்கிற குரலில் சொன்னார்.

"இல்ல. வரல."

அக்கா முகத்தில் என்னென்னவோ வந்து போயிற்று. கண்ணில் தண்ணீர் தளும்பியது. அதே முகத்தில் கொஞ்சம் சிரிப்பும் வந்தது. எனக்கு அந்தச் சிரிப்பைத்தான் தாங்க முடியவில்லை.

"சரி" என்றாள். "அந்த அலமாரிங்கள்ல இருக்கறது பூராத்தையும் மாடிக்குக் கொண்டு போங்க. இப்பவே. தம்பி, நீ கட்டிலை எறக்கு."

"நான் ஒரு கை பிடிக்கறேன்க்கா, எல்லாத்தையும் சீக்கிரமா ஏத்திடலாம்" என்று ஒரு ஜாடியில் கை வைத்தேன்.

"நீ தொடாதே. அவர் ஏத்துவாரு."

அத்தான் மேஜையிலிருந்த கிழிந்த ஜாடியை முதலில் எடுத்தார், மார்போடு அணைத்துக்கொண்டு படியேறினார். இறங்கிவந்து ஒரு தட்டை எடுத்தார். ஒன்றோடொன்று உரசக் கூடாது என்பதால் ஒரு நடைக்கு ஒன்றுதான். நான் கட்டிலைக் கழற்றி இறக்கி, காலியான அலமாரிப் பக்கமாகப் பூட்டி, மெத்தையைப் போட்டு முடிப்பதற்குள் அவர் சட்டை முதுகெல்லாம் நனைந்திருந்தது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினார். இரண்டு மூன்று படிக்கு ஒரு தடவை நின்று மூச்சு வாங்கினார். பாவமாகத்தான் இருந்தது. அவரை அப்படிப் பார்க்கத் திருப்தியாகவும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அக்கா சன்னல் பக்கம் தலையணையைப் போட்டாள். கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, இரண்டு காலையும் கையால் தூக்கி மேலே வைத்து, மெதுவாக நீட்டினாள். கட்டிலின் மறுமுனை வரைக்கும் கால் போயிற்று. பட்டப்பகல். அவள் பகலில் படுத்து நான் பார்த்ததே இல்லை. கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்து நான் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மெல்ல வெளியே வந்தேன்.

"தம்பி" என்று கூப்பிட்டாள்.

"என்னக்கா?"

"போறப்ப அந்தக் கதவைச் சாத்திட்டுப் போடா. ஏறி எறங்கற சத்தத்துல தூக்கம் வரல."